பாம்பின் சட்டையைப் பார்த்துப் பெயர் சொல்லலாமா?

'பாம்பென்றால் படையும் நடுங்கும்' என்பது பழமொழி. படையே நடுங்கும்போது பள்ளி மாணவியராகிய நாம் நடுங்குவதில் வியப்பில்லை. ஆனால் அந்த நடுக்கத்திலும் நாம் தவறாமல் செய்யும் காரியம் ஒன்று உண்டு. பாம்பின் நிறத்தைப் பார்த்து அதற்கு ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறோம். பழுப்பாக இருந்தால் சாரை. கறுப்பாக இருந்தால் கருநாகம். உடம்பில் வெள்ளைக் கோடுகள் இருந்தால் கட்டுவிரியன். பச்சையாக இருந்தால் கண்கொத்திப் பாம்பு. இவ்வாறு சூட்டிய பெயரை வைத்தே அதை அடிப்பதா, விடுவதா என்று முடிவு செய்கிறோம். சில வேளைகளில் கடிபட்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்வதா வேண்டாமா என்பதையும் அந்தப் பெயரே தீர்மானித்துவிடுகிறது. ஆகவே இது வெறும் பெயர் விஷயம் அன்று, உயிர் விஷயம்.

பாம்பின் நிறத்தையும் அதன் மேலுள்ள கோலத்தையும் எவ்வளவு தூரம் நம்பலாம்? ஒரே இனப் பாம்பு எல்லா ஊரிலும் ஒரே நிறத்தில் இருக்குமா? இக்கேள்விகளுக்கு விடை காண நாம் வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் திண்டுக்கல் வட்டாரமே இதற்கு நல்ல பாடசாலை. மேற்கே பழனி மலைத்தொடர், கிழக்கும் தெற்குமாகச் சிறுமலை, நடுவே செம்மண்ணும் கரிசலும் கலந்த சமவெளி, அதில் கண்மாய்களும் பூந்தோட்டங்களும் முருங்கைத் தோப்புகளும் என்று நம் மாவட்டத்தில் பல வகை நிலங்கள் உண்டு. நிலம் மாறும்போது பாம்பும் மாறுகிறது.

கோதுமை நாகமும் கருநாகமும்

முதலில் எல்லாரும் அறிந்த நல்ல பாம்பை எடுத்துக்கொள்வோம். நம் ஊர்ப் பெரியவர்கள் கோதுமை நாகம், செந்நாகம், கருநாகம் என்று பல நாகங்களைச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாதி என்றும், ஒன்றைவிட மற்றொன்றுக்கு விஷம் அதிகம் என்றும் சொல்வார்கள். விலங்கியலார் இவை யாவும் ஒரே இனம் என்கிறார்கள். லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் 1758இல் இந்த இனத்துக்குப் பெயரிட்டார். அதன் இன்றைய அறிவியல் பெயர் நாஜா நாஜா. நாகம் என்ற நம் நாட்டுச் சொல்லே அந்தப் பெயரில் ஒலிப்பதை நாம் கவனிக்கலாம்.

தமிழ்நாட்டு நாகம் பெரும்பாலும் பழுப்பு நிறமுடையது. படத்தை விரித்தால் பின்புறம் மூக்குக் கண்ணாடி போன்ற குறி தெரியும். ஆனால் இக்குறி எல்லா நாகத்துக்கும் ஒரே அளவில் அமைவதில்லை. சிலவற்றில் பளிச்சென்று இருக்கும், சிலவற்றில் மங்கியிருக்கும், சிலவற்றில் இல்லாமலே போகும். வடமேற்கே பாகிஸ்தான் வரை சென்றால் படத்தில் குறியே இல்லாத கரிய நாகங்களைக் காணலாம். கிழக்கே வங்காளம், அஸ்ஸாம் பக்கம் சென்றால் இரண்டு வட்டங்களுக்குப் பதிலாக ஒற்றை வட்டக் குறியுடைய நாகம் உண்டு. இந்த ஒற்றைக் குறி நாகத்தையும் நெடுங்காலம் நம் நாகத்தின் ஒரு வகை என்றே கருதிவந்தார்கள். இப்போது அது தனி இனம் என்று கொள்ளப்படுகிறது.

இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். குறி இருந்தாலும் படத்தை விரித்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். படத்தைச் சுருக்கிக்கொண்டு வரப்பின்மேல் ஊர்ந்து செல்லும் நாகம், பார்ப்பதற்கு ஒரு சாதாரணப் பழுப்புப் பாம்புதான். அதனால்தான் அதைச் சாரை என்று எண்ணிச் சிலர் அருகே போய்விடுகிறார்கள். சாரையும் ஒரே நிறமுடையது அன்று. மஞ்சள், பச்சை கலந்த பழுப்பு, சாம்பல், ஏறக்குறையக் கறுப்பு என்று பல நிறங்களில் அது உண்டு. பழுப்பு நாகமும் பழுப்புச் சாரையும் ஒரே வயலில் எலி தேடுகின்றன. நிறத்தை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவார்?

சட்டையின் நிறம் எங்கிருந்து வருகிறது?

பாம்பின் தோலில் நிறமி அணுக்கள் உள்ளன. கறுப்பும் பழுப்பும் மெலனின் என்ற நிறமியால் உண்டாகின்றன. நம் தலைமுடியின் கறுப்புக்கும் அதுவே காரணம். மஞ்சளுக்கும் சிவப்புக்கும் வேறு அணுக்கள் இருக்கின்றன. நிறமியே இல்லாமல், உள்ளே இருக்கும் நுண்ணிய படிகங்கள் ஒளியைச் சிதறச் செய்வதால் நீல நிறம் தோற்றுவிக்கும் அணுக்களும் உண்டு. பச்சைப் பாம்பின் பச்சை தனி நிறமி அன்று. நீலத்தின்மேல் மஞ்சள் படிந்ததால் உண்டாவது. பச்சைப் பாம்பை ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால் மஞ்சள் கரைந்துபோய் அது நீலமாகிவிடும். கண்ணாடிச் சீசாவில் உள்ள பாம்பை மட்டும் பார்த்து நிறத்தை எழுதியவர் ஏமாந்துபோவார் அல்லவா?

உயிருள்ள பாம்பிலும் நிறம் நிலையானதன்று. சட்டை உரிப்பதற்குச் சில நாள் முன்பு அதன் தோல் மங்கிக் கண்கள் பால் போல் வெளுத்துவிடும். உரித்த பின் அதே பாம்பு புதுப் பட்டுப்போல் மின்னும். வயதும் நிறத்தை மாற்றும். மண்ணுளிப் பாம்பு, இருதலைப் பாம்பு என்றெல்லாம் நாம் அழைக்கும் பாம்பின் குட்டி, செம்மஞ்சள் நிறத்தில் கரும் பட்டைகளோடு இருக்கும். வளர வளரப் பட்டைகள் மறைந்து உடல் முழுதும் பழுப்பாகவோ கறுப்பாகவோ ஆகிவிடும். குட்டியையும் தாயையும் பக்கத்தில் வைத்தால் இரண்டும் வேறு வேறு பாம்பு என்றே பார்ப்பவர் சொல்வார். (பொய்க் கதைகளை நம்பி இப்பாம்பைப் பிடித்து விற்பவர்கள் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம்.)

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

நிறம் வேறானால் இனமும் வேறாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் நம் ஊரில் மட்டும் இருந்ததன்று. மேல்நாட்டு அறிஞரிடமும் இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் 'அரசப் பாம்பு' என்று ஒரு விஷமற்ற பாம்பு வாழ்கிறது. பிற பாம்புகளைப் பிடித்துத் தின்பதால் அதற்கு இப்பெயர். சில இடங்களில் அதன் உடலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையங்கள் இருக்கும். வேறு சில இடங்களில் முதுகின் நீளவாட்டில் ஒரே வெள்ளைக் கோடு ஓடும். வளையம் உள்ளது ஓர் இனம், கோடு உள்ளது மற்றோர் இனம் என்று முன்பு எழுதி வைத்திருந்தார்கள். சான்டியாகோ நகரத்து லாரன்ஸ் கிளாபர் என்பவர் ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே வளையக் குட்டியும் கோட்டுக் குட்டியும் வெளிவருவதைக் காட்டி, 1936இல் அதைப் பற்றி எழுதினார். இரண்டு இனம் என்று எண்ணப்பட்டவை அண்ணன் தங்கையாகிவிட்டன.

பத்தாம் வகுப்பு அறிவியலில் மெண்டல் என்ற துறவியைப் பற்றி நாம் படிக்கிறோம். மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து, நெட்டையும் குட்டையும் ஒரே குடும்பத்தில் எவ்வாறு பிறக்கின்றன என்று கணக்கிட்டு 1866இல் வெளியிட்டவர் அவர். பட்டாணியில் நெட்டையும் குட்டையும் எப்படியோ, அரசப் பாம்பில் வளையமும் கோடும் அப்படி. ஒரே வீட்டில் அக்காள் மாநிறமாகவும் தங்கை சிவப்பாகவும் இருப்பதை நாம் பார்க்கிறோம். அதற்காக அவர்களை வேறு வேறு குடும்பத்தார் என்று யாரும் சொல்வதில்லை. பாம்புக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது?

ஓர் ஊரில் ஒரு நிறமும் அடுத்த ஊரில் இன்னொரு நிறமும் மிகுந்திருப்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதற் காரணம் மண். பருந்தின் கண்ணுக்குத் தப்பிய பாம்புதான் குட்டி போடும். மண்ணின் நிறத்தோடு ஒத்துப்போகும் பாம்பு தப்பும், ஒத்துப்போகாதது இரையாகும். பல தலைமுறை கழியும்போது அந்த மண்ணின் நிறமே அங்குள்ள பாம்பின் நிறமாகிவிடும். சுருட்டை விரியன் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மணற்பாங்கான இடத்தில் அது வெளிறிய பழுப்பாகவும், கல்லாங்காட்டில் சாம்பல் கலந்தும், செம்மண்ணில் செந்நிறம் கலந்தும் காணப்படுகிறது. அதன் அளவும் இடத்துக்கு இடம் மாறும். தென்னாட்டுச் சுருட்டை பெரும்பாலும் ஓரடி நீளந்தான். இராஜஸ்தான் பக்கத்துச் சுருட்டை அதனினும் பெரியது.

இரண்டாம் காரணம் குளிர். பாம்பு தன் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாத பிராணி. அதற்கு வெயில் வேண்டும். கரிய பொருள் வெயிலில் விரைவாகச் சூடேறும். ஐரோப்பாவின் குளிர் மிகுந்த மலைகளிலும் வட பகுதிகளிலும் ஒரு வகை விரியனில் முற்றிலும் கரியவை மிகுதியாக இருப்பதற்கு இதுவே காரணம் என்பர்.

மூன்றாம் காரணம் வேடம். அமெரிக்காவில் சிவப்பு, மஞ்சள், கறுப்பு வளையங்கள் கொண்ட பவளப் பாம்பு கொடிய நஞ்சுடையது. அதே ஊரில் வாழும் விஷமற்ற அரசப் பாம்பு ஒன்று ஏறக்குறைய அதே வளையங்களை அணிந்திருக்கிறது. இதனால் அதற்குப் பயன் உண்டா என்று அறிய, வடக்கு, தெற்குக் கரோலினா மாநிலங்களில் ஆராய்ச்சியாளர் களிமண் போன்ற பொருளால் பாம்புப் பொம்மைகள் செய்து காட்டில் வைத்தார்கள். 2001இல் முடிவு வெளியாயிற்று. பவளப் பாம்பு வாழும் இடங்களில் வளையமிட்ட பொம்மைகளை மிருகங்கள் பெரும்பாலும் தொடவில்லை. பவளப் பாம்பு இல்லாத இடங்களிலோ அவற்றைக் கடித்துக் குதறியிருந்தன. திருடனுக்குப் போலீஸ் வேடம் உதவ வேண்டுமானால் அந்த ஊரில் போலீஸ் இருக்க வேண்டும்!

நான்காம் காரணம் பிரிவு. இதற்கு நம் சிறுமலையே சாட்சி. திண்டுக்கல்லிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள சிறுமலையை நாம் மலைவாழைப்பழத்துக்காக அறிவோம். அந்த மலை வேறொரு புகழும் உடையது. அங்கே ஈர மண்ணுக்குள் மண்புழுவைத் தின்று வாழும் சிறு பாம்பு ஒன்று உண்டு. ஏறத்தாழ ஓரடி நீளம். வால் நுனி, தேய்ந்த கேடயம் போலச் சொரசொரப்பாக இருக்கும். முட்டையிடாமல் குட்டி போடும். விஷம் அறவே இல்லை. சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றிய கர்னல் பெடோம் என்ற ஆங்கிலேயர் 1877இல் அதை உலகுக்கு அறிவித்தபோது நம் ஊரின் பெயரையே அதற்குச் சூட்டினார். 'யூரோபெல்டிஸ் டிண்டிகலென்சிஸ்', அதாவது திண்டுக்கல்லுக்குரியது என்று பெயர். அறிந்தவரை அது சிறுமலையைத் தவிர வேறெங்கும் இல்லை. பழனி மலைக்கென்று தனியாக அதன் உறவுப் பாம்பு உண்டு; அதன் பெயரில் பழனி இருக்கிறது. சேர்வராயன் மலைக்கும் இவ்வாறே ஒன்று உண்டு.

இது எப்படி நேர்ந்தது? குளிர்ந்த ஈர மண்ணை விட்டு இப்பாம்பு வெளியேறாது. சிறுமலைக்கும் பழனி மலைக்கும் நடுவே கிடக்கும் நம் சூடான சமவெளி அதற்குக் கடல் போன்றது. தீவில் அகப்பட்டவர்போல அந்தந்த மலைப் பாம்பு அந்தந்த மலையிலேயே நின்று, பல்லாயிரம் தலைமுறைகளில் செதிலும் நிறமும் மாறித் தனித்தனி இனமாயிற்று. இந்தக் கேடயவால் குடும்பம் இந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. உலகத்தார் வியக்கும் ஒரு பிராணி நம் ஊர்ப் பெயரைத் தாங்கி நிற்க, நாமோ அதைக் கண்டால் பாம்பு என்று அடித்துவிடுகிறோம்.

ஒரே பெயர், பல இனம்

நிறம் வேறாயினும் இனம் ஒன்றாக இருக்கலாம் என்று நாகத்திலும் அரசப் பாம்பிலும் கண்டோம். இதற்கு மாறாக, ஒரே பாம்பு என்று எண்ணியது பலவாகப் பிரிந்த கதையும் உண்டு. பச்சைப் பாம்பு கண்ணைக் கொத்தும் என்று நாம் பயப்படுகிறோம். அதன் அறிவியல் பெயரான அஹேட்டுல்லா என்பதும் அதே பொருளுடைய சிங்களச் சொல்தான்! உண்மையில் அது பல்லியையும் தவளையையும் தேடும் பாம்பு; மனிதனுக்கு ஆபத்தில்லாதது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள கூர்மூக்குப் பச்சைப் பாம்பு ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2020இல் மரபணுவையும் மூக்கின் நீளத்தையும் செதில்களையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இலங்கைப் பாம்பு வேறு, நம் சமவெளிப் பாம்பு வேறு, மேற்குத் தொடர்ச்சி மலையின் சிறிய பச்சைப் பாம்புகள் வேறு என்று தெரியவந்தது. எல்லாம் பச்சைதான், ஆனால் எல்லாம் ஒன்றல்ல.

ராஜநாகத்துக்கும் இதுவே நடந்தது. 1836இல் கான்டர் என்பவர் அதற்குப் பெயரிட்டது முதல் இந்தியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் வரை அது ஒரே இனம் என்றே எழுதி வந்தனர். ஆனால் ஊருக்கு ஊர் அதன் உடற்பட்டைகள் மாறியிருந்தன. 2024இல் அதை நான்கு இனமாகப் பிரித்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகத்துக்குப் பட்டைகள் 40க்கு மேற்படுவதில்லை. பட்டைகளுக்குக் கரிய ஓரமும் இல்லை. கன்னட நாட்டு மக்கள் வழங்கும் பெயரையே ஏற்று அதற்குக் 'காளிங்கா' என்று பெயரிட்டிருக்கிறார்கள். கோலம் இங்கே துப்புக் கொடுத்தது. தீர்ப்புச் சொன்னவையோ செதிலும் மரபணுவும்.

ஒரே கோலம், வேறு பாம்பு

இனி நாம் மிகவும் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறோம். நம் வீடுகளில் சுவரேறிப் பல்லி பிடிக்கும் பாம்பு ஒன்று உண்டு. வெள்ளிக்கோல் வரையன் என்பர். ஓநாய்ப் பாம்பு என்றும் சொல்வர். பழுப்பு உடலில் வெளிறிய பட்டைகள் இருக்கும். விஷமில்லை. கட்டுவிரியன் கரிய உடலில் மெல்லிய வெண்கட்டுகள் உடையது. நம் நாட்டிலேயே கொடிய நஞ்சுள்ள பாம்புகளுள் ஒன்று. அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே வெள்ளிக்கோல் வரையன் தினமும் கட்டுவிரியன் என்ற பேரில் அடிபட்டுச் சாகிறது.

இது பாதி நஷ்டம். மறுபாதி இதைவிடப் பெரிது. கட்டுவிரியனுக்குக் கட்டு எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. அதன் வெண்கட்டுகள் கழுத்தை அடுத்துத் தொடங்காமல் சிறிது தள்ளித் தொடங்கி வால்பக்கம் தெளிவாகும். குட்டியில் முன்பக்கம் வெண்புள்ளிகள் இருக்கும். முதிர்ந்ததில் முன்பக்கக் கட்டுகள் மங்கிவிடும். கட்டே தெரியாத கட்டுவிரியனும் உண்டு. 'கட்டு இல்லை, எனவே இது கட்டுவிரியன் இல்லை' என்று சொல்லிக் கடிபட்டவரைப் படுக்க வைத்துவிட்டால் என்ன ஆகும்?

அதன் பெயர்களைப் பாருங்கள். தமிழில் கட்டு என்கிறோம். அறிவியல் பெயரின் முதற்பாதியான பங்காரஸ், பொன் என்ற பொருளுள்ள தெலுங்குச் சொல்லிலிருந்து வந்தது. மஞ்சள் பட்டையுள்ள அதன் உறவுப் பாம்புக்கு ஆந்திரக் கரையில் வழங்கிய பெயர் அது. பின்பாதிக்கு நீலம் என்று பொருள். ஒரே பாம்பின் பெயரில் பொன்னும் நீலமும் வெள்ளைக் கட்டும் இருக்கின்றன! அதோடு விரியன் என்றும் சொல்கிறோம். ஆனால் அது விரியன் குடும்பமே அன்று; நாகத்தின் குடும்பம். தோற்றத்தை வைத்துச் சூட்டிய பெயர் எவ்வளவு தூரம் நம்மைத் திசைதிருப்பும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கண்ணாடி விரியனிலும் இத்தகைய மயக்கம் உண்டு. முதுகில் மூன்று வரிசையாக நீள்வட்டத் திட்டுகள் அதன் அடையாளம். விஷமற்ற மண்ணுளி வகைப் பாம்பு ஒன்றுக்கும் முதுகில் கரும்பழுப்புத் திட்டுகள் உண்டு. அதை விரியன் என்று அடிப்பவரும் உண்டு. விரியனை மண்ணுளி என்று கையிலெடுப்பவரும் உண்டு.

பின் எதைப் பார்ப்பது?

நிறம் மாறினாலும் எளிதில் மாறாதவை வடிவமும் செதில்களுமே. கட்டுவிரியனின் நடுமுதுகில் அறுகோணமான பெரிய செதில்கள் ஒரே வரிசையாக ஓடும். வெள்ளிக்கோல் வரையனுக்கு அவை இல்லை. அதன் பட்டைகள் கழுத்தருகே தெளிவாகத் தொடங்கி வால்பக்கம் மங்கும். கண்ணாடி விரியனின் தலை முக்கோணமாகக் கழுத்திலிருந்து பிரிந்து தெரியும். மண்ணுளியின் தலையும் கழுத்தும் ஒரே பருமன், வால் மொட்டை. சாரைக்குக் கண் பெரிது. உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கரிய கோடுகள் உண்டு. நம் கண்மாய்களில் நீந்தும் தண்ணீர்ப் பாம்பு எந்த நிறத்தில் இருந்தாலும் அதன் கண்ணுக்குக் கீழும் பின்னும் இரண்டு கரிய கோடுகள் இருக்கும். சுருட்டை விரியன் எந்த மண்ணின் நிறத்தில் இருந்தாலும், சீண்டினால் உடலைச் சுருட்டிச் செதில்களை உரசி ரம்பம் அறுப்பதுபோல் ஓசை எழுப்பும்.

இவற்றை நாம் கற்க வேண்டியது படத்திலும், கிண்டியில் 1972இல் தொடங்கப்பட்ட பாம்புப் பண்ணையின் கண்ணாடிக்கு வெளியிலும், கொடைக்கானலை அடுத்த செண்பகனூரில் இயேசு சபைத் துறவியர் சேர்த்து வைத்த இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலுமே. வீட்டுக் கொல்லையில் வந்த பாம்பிடம் போய்ச் செதிலை எண்ணக்கூடாது. அதனிடமிருந்து விலகி நின்று தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்வதே அறிவுடைமை.

கடித்துவிட்டால்?

2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர் ஏறத்தாழ 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமத்தவர். இருள் பிரியுமுன் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகை பறிக்கப் போகும் நிலக்கோட்டைப் பக்கத்துத் தாய்மாரையும், களத்தில் காவல் படுக்கும் விவசாயிகளையும், வெறுந்தரையில் பாய் விரித்து உறங்கும் பிள்ளைகளையும் நினைத்தால் இந்த எண்ணிக்கையின் பொருள் விளங்கும்.

கட்டுவிரியன் இரவில் ஊர்வது. தரையில் உறங்குவோரைக் கடிப்பது. அதன் கடி எறும்புக் கடிபோல் இருக்கும், சில வேளை வலியே இராது, தடமும் தெரியாது. பிறகு வயிறு வலிக்கும், கண்ணிமை சோர்ந்து விழும், பேச்சுக் குழறும், மூச்சுத் திணறும். 'பாம்பையே பார்க்கவில்லையே' என்று காலை வரை காத்திருப்பது மிகப் பெரிய ஆபத்து.

இங்கேதான் நம் பாடத்தின் பயன் இருக்கிறது. நம் நாட்டில் வழங்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒன்றே. டாக்டர்கள் கடிபட்டவரின் உடற்குறிகளைப் பார்த்தும், இரத்தம் 20 நிமிஷத்தில் உறைகிறதா என்று சோதித்தும் சிகிச்சை செய்கிறார்கள். பாம்பின் நிறத்தை நாம் சொல்ல வேண்டும் என்பதில்லை. பாம்பைத் துரத்திப் பிடித்துக் கொண்டுபோக வேண்டும் என்பதும் இல்லை. கயிறு கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் இவை கூடா. கடிபட்ட அங்கத்தை அசைக்காமல், ஆளையும் நடக்கவிடாமல், 108 வண்டியை அழைத்து அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோவதே முதலுதவி. 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு, பாம்புக்கடியைச் சுகாதாரத் துறைக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக அறிவித்தது. எந்த ஊரில் எத்தனை பேர் கடிபடுகிறார்கள் என்று தெரிந்தால்தானே அங்கே மருந்து போய்ச் சேரும்?

இன்னொரு செய்தியும் உண்டு. ஊருக்கு ஊர் மாறுவது நிறம் மட்டும் அன்று; நஞ்சும் மாறுகிறது. நாட்டின் விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பகுதி, 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து செல்கிறது. தமிழ்நாட்டுப் பாம்பின் நஞ்சைக் கொண்டு செய்த மருந்து, தொலைதூர மாநிலத்துப் பாம்பின் நஞ்சைச் சில வேளை முழுதும் முறிப்பதில்லை என்று பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே எந்த ஊர்ப் பாம்பு என்ற கேள்வி அறிஞருக்கும் இன்று முக்கியமாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாகப் பாம்பின் தடத்தையும் குணத்தையும் அறிந்த இருளர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கு 2023இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அவர்கள் பாம்பை அறிந்தது அதன் சட்டையை மட்டும் பார்த்து அன்று.

தோழியரே! இன்றிரவு பாய் விரிக்குமுன் தரையையும் மூலையையும் விளக்கால் பார்ப்போம். கட்டில் இருந்தால் கட்டிலில் படுப்போம். இல்லையென்றால் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிக்கொள்வோம். இருட்டில் வெளியே செல்லும் தாய் தந்தையரிடம் டார்ச் விளக்கை மறவாமல் கொடுப்போம். 'என்ன பாம்பு, என்ன நிறம்?' என்று கேட்டுக் காலங் கடத்துவோர் நடுவில், 'முதலில் ஆஸ்பத்திரி' என்று சொல்லும் குரல் நம்முடையதாக இருக்கட்டும். இறைவன் ஒரே இனத்துக்குப் பல சட்டைகளையும், பல இனங்களுக்கு ஒரே சட்டையையும் அணிவித்திருக்கிறார். வியக்க வேண்டியதை வியப்போம்; அடிக்க வேண்டாததை அடியாமல் விடுவோம்; காக்க வேண்டிய உயிரைக் காப்போம்.